ரேடியேஷன் தெரபி படிப்பில் என்னதான் சொல்லித் தருகிறார்கள்?

நீங்கள் நான்கு விஷயங்கள் கேட்டிருக்கிறீர்கள். பல்கலைக்கழகத்தில் ரேடியேஷன் தெரபி (புற்றுநோய்க்கான கதிர்வீச்சுச் சிகிச்சை) பட்டப்படிப்பில் என்ன சொல்லித் தருவார்கள், கணக்கு சுமாராக வரும் ஒருவரால் சமாளிக்க முடியுமா, காலம் முழுக்கக் கதிர்வீச்சுக்குப் பக்கத்திலேயே வேலை செய்தால் உடம்பு கெட்டுப்போகுமா, புற்றுநோயாளிகளையே தினமும் பார்த்துக்கொண்டிருக்க மனசு தாங்குமா. நடுவில் போகிறபோக்கில் ஒரு வரியும் எழுதியிருக்கிறீர்கள்: கம்ப்யூட்டர் போட்டுக் கொடுக்கும் சிகிச்சை பிளானுக்குப் பொத்தானை அழுத்துவதற்கு எதற்கு இத்தனை வருடப் படிப்பு என்று வீட்டில் கேட்கிறார்களாம். உங்களை உறுத்துவது அந்த வரிதான் என்று எனக்குப் படுகிறது. நான் சிகிச்சை அறையில் தெரபிஸ்டாக நெடுங்காலம் வேலை பார்த்துவிட்டு இப்போது மாணவர்களுக்குச் சொல்லித் தருகிறேன். என் அனுபவத்தில் இந்தப் படிப்பின் பெரும்பகுதி, அந்தப் பொத்தானை எப்போது அழுத்தக்கூடாது என்று தெரிந்துகொள்வதற்காகத்தான் இருக்கிறது. அதை விளக்கினால் மற்ற கேள்விகளுக்கும் பதில் வந்துவிடும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். நோயாளிகள் ‘கரண்ட் வைப்பது’ என்று சொல்லும் இந்தச் சிகிச்சைக்குப் பின்னால் மூன்று தனித்தனித் தொழில்கள் இருக்கின்றன. எந்தப் புற்றுநோய்க்கு, எந்த இடத்துக்கு, எவ்வளவு என்று முடிவு செய்பவர் கதிர்வீச்சுப் புற்றுநோய் மருத்துவர். அவர் மருத்துவப் பட்டம் முடித்து மேற்படிப்பும் படித்தவர். கருவி சொன்ன அளவைத்தான் தருகிறதா என்று அளந்து பார்ப்பவரும், பிளான் இயற்பியல்படி சரியா என்று உறுதி செய்பவரும் மருத்துவ இயற்பியலாளர். அவர் பெரும்பாலும் இயற்பியலில் முதுநிலைப் படிப்பு வரை போனவர். நீங்கள் கேட்கும் பட்டம் மூன்றாமவருக்கானது. நோயாளியைப் படுக்க வைத்து, இடம் சரிபார்த்து, படம் எடுத்து ஒப்பிட்டு, சிகிச்சையை நடத்துகிற தெரபிஸ்ட் அவர். பல நாடுகளில் இது மூன்று அல்லது நான்கு வருடப் பட்டம். எக்ஸ்ரே, ஸ்கேன் எடுக்கும் ரேடியோகிராபி படிப்புக்கு இது அண்டை வீடு. சில இடங்களில் முதல் வருடம் இரண்டுக்கும் பொதுவாகவே இருக்கும். ஆனால் அங்கே 100 கிலோவோல்ட் அளவில் ஒரு படம். இங்கே 6 மெகாவோல்ட், அதற்கும் மேல். நோக்கமே திசுவில் மாற்றத்தை உண்டாக்குவது.

முதல் வருட இயற்பியலில் நான் எப்போதும் ஒரு கணக்கைப் போட்டுக் காட்டுவேன். கதிர்வீச்சு டோஸை அளக்கும் அலகு கிரே. ஒரு கிலோ திசுவில் ஒரு ஜூல் ஆற்றல் படிந்தால் அது 1 கிரே. உடம்பு முழுவதும் ஒரே நேரத்தில் 4 கிரே விழுந்தால், மருத்துவ உதவி கிடைக்காத மனிதர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் சில வாரங்களில் இறந்துபோவார்கள். அதே 4 கிரே உடம்பின் வெப்பத்தை எவ்வளவு ஏற்றும் என்று கணக்கிட்டால், ஒரு டிகிரி செல்சியஸில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் வரும். உயிரையே எடுக்கக்கூடிய ஒன்றை, அது விழும் நேரத்தில் உடம்பு உணரவே உணராது. ஆற்றலின் அளவு சொற்பம். அது போய் விழுகிற இடம்தான் பெரிது: உயிரணுவுக்குள் இருக்கும் டிஎன்ஏவின் இரண்டு இழைகளும் அருகருகே அறுந்துவிட்டால் அதைச் சரிசெய்வது அந்த உயிரணுவுக்குக் கடினம். இது தெரிந்துவிட்டால், சிகிச்சை அறையில் ஏன் இவ்வளவு சரிபார்ப்பு என்பதும் தெரிந்துவிடும். வழக்கமாகத் தரும் அளவுகளில் தப்பு நடந்தால் நோயாளிக்கு அந்த நேரத்தில் வலிக்காது, நமக்கும் கண்ணில் படாது. வாரங்கள் கழித்துத்தான் தெரியும்.

அடுத்து கதிர்வீச்சு உயிரியல். எனக்கு மிகவும் பிடித்த பாடம் இது, அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். ஏன் 25 சிட்டிங், 30 சிட்டிங் என்று வாரக்கணக்கில் வரச் சொல்கிறார்கள், ஒரே நாளில் முடித்தால் என்ன என்று எல்லா நோயாளிகளும் கேட்பார்கள். 1920களில் பாரிஸில் குளோடியஸ் ரெகோ என்பவர் செம்மறிக் கடாக்களின் விதைகளில் சோதனை செய்தார். ஒரே தடவையில் கொடுத்து மலடாக்க முயன்றால் விதைப்பையின் தோல் மோசமாகப் புண்ணானது. அதைப் பிரித்துப் பிரித்துக் கொடுத்தபோது தோல் பெரிதாகக் கெடாமலேயே மலடாக்க முடிந்தது. வேகமாகப் பெருகும் உயிரணுக்களும் நிதானமாக இருக்கும் திசுக்களும் கதிர்வீச்சை ஒரே மாதிரி தாங்குவதில்லை என்பது அதிலிருந்து புரிந்தது. இன்று அதை ஆல்பா-பீட்டா விகிதம் என்ற எண்ணை வைத்துக் கணக்கிடுகிறோம். அந்த எண் குறைவாக உள்ள திசுவை, ஒரு தடவைக்குத் தரும் டோஸ் கூடுவது அதிகமாகப் பாதிக்கும். பெரும்பாலான கட்டிகளுக்கு அது 10 என்றும், பிற்காலத்தில் பாதிப்பு காட்டும் சாதாரணத் திசுக்களுக்கு 3 என்றும் தோராயமாக வைத்துக்கொள்வார்கள். மொத்தம் 60 கிரே என்று வையுங்கள். அதை 2 கிரே வீதம் 30 தடவையாகக் கொடுத்தால் அதன் உயிரியல் விளைவு (ஒரு தடவை டோஸை விகிதத்தால் வகுத்து, 1 கூட்டி, மொத்த டோஸால் பெருக்கினால் வருவது) கட்டிக்கு 72, சாதாரணத் திசுவுக்கு 100. அதே 60 கிரேயை 3 கிரே வீதம் 20 தடவையில் முடித்தால் கட்டிக்கு 78, சாதாரணத் திசுவுக்கு 120. கட்டிக்குக் கூடியது சுமார் 8 சதவீதம், நல்ல திசுவுக்குக் கூடியது 20 சதவீதம். மொத்தம் மாறவே இல்லை, பாருங்கள்! ஒரு நாள் வராத நோயாளிக்கு மறுநாள் இரண்டு நாள் டோஸைச் சேர்த்துக் கொடுத்துவிடலாமே என்று யாராவது யோசனை சொன்னால், அது ஏன் கூடாது என்று சொல்ல இந்தக் கணக்கு தெரிந்திருக்க வேண்டும்.

இந்த எண்கள் கல்லில் பொறித்தவை என்றும் நினைத்துவிடாதீர்கள். எல்லாக் கட்டிக்கும் 10 பொருந்தாது. மார்பகப் புற்றுநோய்க்கும் புரோஸ்டேட் புற்றுநோய்க்கும் அந்த விகிதம் குறைவு என்ற கருத்து பலமாக இருக்கிறது. அதனால்தான் மார்பகத்துக்கு 50 கிரே, 25 தடவை என்று இருந்தது 40 கிரே, 15 தடவையாகக் குறைந்தது. அதற்கும் அடுத்த படியாக ஒரே வாரத்தில் 5 தடவை, மொத்தம் 26 கிரே கொடுத்தால் போதுமா என்று பிரிட்டனில் ஃபாஸ்ட்-ஃபார்வர்ட் என்ற ஆய்வு நடந்தது. 2020இல் வெளியான அதன் ஐந்தாண்டு முடிவுகள், மூன்று வாரச் சிகிச்சைக்கு அது குறைந்ததில்லை என்று காட்டின. நீங்கள் படிக்கும் காலத்திலேயே சில அட்டவணைகள் மாறும். அட்டவணையை மனப்பாடம் செய்தவர்கள் அப்போது திணறுவார்கள், கணக்கு புரிந்தவர்கள் திணற மாட்டார்கள்.

மாணவர்கள் அதிகம் தடுமாறுவது இயற்பியலில் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். நான் பார்த்தவரை உடற்கூறியலில்தான். பள்ளியில் உடம்பை முன்பக்கத்திலிருந்து வரைந்து படித்திருப்பீர்கள். இங்கே உடம்பைக் குறுக்கே வெட்டிய சிடி படங்களில் ஒவ்வோர் உறுப்பையும் அடையாளம் காண வேண்டும். கழுத்தில் ஒரு வெட்டுப் படத்தைக் காட்டி, எது நிணநீர் முடிச்சு, எது ரத்தக்குழாய், எது உமிழ்நீர்ச் சுரப்பி என்று கேட்டால் முதல் சில மாதங்கள் எல்லாம் சாம்பல் நிறமாகவே தெரியும். பொறுமையாகப் பார்க்கப் பார்க்கத்தான் கண் பழகும். மருத்துவர் கண்ணுக்குத் தெரியும் கட்டியை வரைவார், அதைச் சுற்றி நோய் பரவியிருக்கக்கூடிய இடத்தை வரைவார், அதற்கும் வெளியே தினசரி அசைவுக்காகச் சில மில்லிமீட்டர் விட்டு இன்னொரு எல்லை போடுவார்கள். அந்தக் கடைசி எல்லை நம்மை நம்பி வரையப்பட்டது. 5 மில்லிமீட்டர் விட்டிருக்கிறார்கள் என்றால், தினமும் அந்த 5 மில்லிமீட்டருக்குள் நோயாளியை நாம் கொண்டுவந்து நிறுத்துவோம் என்று நம்பித்தான் விட்டிருக்கிறார்கள். பக்கத்தில் தண்டுவடம் இருக்கும். வழக்கமான சிட்டிங்குகளில் அதற்கு மொத்தம் 45 முதல் 50 கிரேக்கு மேல் போகக்கூடாது என்று பார்த்துக்கொள்வோம். கட்டிக்கோ 66, 70 என்று போய்க்கொண்டிருக்கும்.

இப்போது வேலையின் நடுப்பகுதிக்கு வருகிறேன். தலை, கழுத்துப் புற்றுநோய் நோயாளிக்கு முகத்தோடு ஒட்டி வார்த்த பிளாஸ்டிக் மாஸ்க் போட்டு மேசையில் பொருத்துவோம். மூன்றாம், நான்காம் வாரத்தில் வாய்ப்புண்ணால் சாப்பிட முடியாமல் அவர் எடை குறைவார். மாஸ்க்குக்குள் தாடை லேசாக அசையும். கட்டியும் சுருங்கியிருக்கும். பிளான் போட்ட அன்று இருந்த உடம்பு இப்போது இல்லை. மருத்துவர் பெரும்பாலும் வாரத்துக்கு ஒரு முறை பார்ப்பார், தினமும் பார்ப்பது தெரபிஸ்ட். மாஸ்க் தளர்ந்ததைக் கைதான் முதலில் கண்டுபிடிக்கும். சிகிச்சை மேசையிலேயே எடுத்த அன்றைய கோன் பீம் சிடி படத்தை பிளான் படத்தோடு ஒப்பிட்டு, மேசையை நகர்த்தினால் சரியாகிற விலகலா, உடம்பின் வடிவமே மாறிவிட்டதா என்று சில நிமிடங்களில் முடிவு செய்ய வேண்டும். இரண்டாவதாக இருந்தால் நிறுத்திவிட்டு மருத்துவரையும் இயற்பியலாளரையும் கூப்பிட வேண்டும். வெளியே காத்திருப்பவர்களின் வரிசை நீண்டுகொண்டே இருக்கும். புரோஸ்டேட் சிகிச்சைக்கு வந்தவர் சிறுநீர்ப்பை நிரம்பாமல் வந்திருந்தால் எழுப்பி உட்கார வைத்து, தண்ணீர் குடிக்கச் சொல்லிக் காத்திருக்க வேண்டும். இடது மார்பகத்துக்கு மூச்சை ஆழமாக இழுத்து நிறுத்தச் சொல்வது, நெஞ்சு விரிந்து இதயம் கதிரின் பாதையிலிருந்து விலகட்டும் என்பதற்காக. பயந்துபோய் மூச்சைப் பிடிக்க முடியாமல் தவிப்பவருக்கு அதைப் பழக்குவதும் நம் வேலைதான். இதையெல்லாம் வெறும் செயல்முறைப் பட்டியலாகப் படித்தால் அவசரத்தில் ஏதாவது ஒன்றை விட்டுவிடுவோம். காரணத்தோடு படித்தவர்களுக்கு விட மனசு வராது.

பொத்தானைப் பற்றி வீட்டில் கேட்டதற்கு ஒரு வரலாற்றுப் பதிலும் இருக்கிறது. 1985க்கும் 1987க்கும் இடையில் தெராக்-25 என்ற சிகிச்சைக் கருவி வட அமெரிக்காவில் ஆறு நோயாளிகளுக்கு மிகக் கடுமையான அளவில் கூடுதல் டோஸைக் கொடுத்துவிட்டது. அவர்களில் சிலர் அதனாலேயே இறந்தார்கள். 1986இல் டெக்சாஸ் மாநிலத்தின் டைலர் நகரில் நடந்ததை ஒவ்வொரு மாணவரும் படிக்க வேண்டும். தட்டச்சு செய்ததில் ஒரு சின்னத் திருத்தத்தைக் கருவியை இயக்கியவர் வேகமாகச் செய்தார். மென்பொருள் அந்த வேகத்தில் குழம்பியது. திரையில் ‘மால்ஃபங்ஷன் 54’ (கோளாறு 54) என்று வந்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று அவருக்கு யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை. குறைந்த டோஸே போனதாகவும் திரை காட்டியது. அந்தக் கருவியில் இப்படிப்பட்ட செய்திகள் அடிக்கடி வருவது வழக்கம் என்பதால் அவர் தொடரும் விசையை அழுத்தினார். உள்ளே இருந்த நோயாளியைப் பார்க்கும் கேமராவும் குரல் கேட்கும் கருவியும் அன்று வேலை செய்யவில்லை. 1.8 கிரே போக வேண்டிய இடத்தில் 160 கிரேக்கு மேல் போயிருக்கும் என்று பிறகு மதிப்பிட்டார்கள். கருவியை இயக்கிய அவரைக் குறை சொல்ல நான் இதைச் சொல்லவில்லை. சில வாரங்களில் இன்னொரு நோயாளிக்கும் அதே செய்தி வந்தபோது, தான் எந்தெந்த விசையை எந்த வேகத்தில் அழுத்தினோம் என்று நினைவுகூர்ந்து, அந்த மருத்துவமனையின் இயற்பியலாளரோடு சேர்ந்து கோளாறைத் திரும்ப வரவழைத்துக் காட்டியவர் அவரேதான். அவர் அப்படிச் செய்திராவிட்டால் கருவி சரியாகத்தான் இருக்கிறது என்ற பேச்சு இன்னும் கொஞ்ச நாள் ஓடியிருக்கும். புரியாத செய்தி வந்தால் நிற்க வேண்டும், அறையைப் பார்க்க முடியாவிட்டால் தொடங்கவே கூடாது, நடந்ததை மறைக்காமல் எழுதி வைக்க வேண்டும். இவை இன்று பாடத்திட்டத்தில் இருப்பதற்கு இப்படிப்பட்ட மனிதர்கள் காரணம்.

கணக்கு பற்றி: வகை நுண்கணிதத்தில் மூழ்க வேண்டியதில்லை. அது இயற்பியலாளர்களுக்கு. உங்களுக்கு வேண்டியது இயற்கணிதம், கோணங்கள், மடக்கை, அடுக்குக்குறிக் குறைவு ஆகியவை. ஒரு மாதிரி: சில சிகிச்சைக் கருவிகளில் கதிர்வீச்சு மூலமாக இருக்கும் கோபால்ட்-60இன் அரை ஆயுள் (வீரியம் பாதியாகும் காலம்) 5.27 வருடம். அப்படியென்றால் மாதத்துக்குச் சுமார் 1.1 சதவீதம் அதன் வீரியம் குறைகிறது. இன்று 2 நிமிடத்தில் தரும் டோஸைத் தர ஐந்தேகால் வருடம் கழித்து 4 நிமிடம் ஆகும். இதை நிதானமாகப் போட முடிந்தால் போதும். மற்றபடி கணக்கில் வேகத்தைவிட, வந்த விடை அறிவுக்குப் பொருந்துகிறதா என்று நின்று பார்க்கும் பழக்கம்தான் முக்கியம். சுமாரான மதிப்பெண்ணோடு வந்து மிக நல்ல தெரபிஸ்ட் ஆனவர்கள் என் மாணவர்களிலேயே உண்டு.

உடம்பு கெடுமா என்பதற்கு உறுதியாகச் சொல்லக்கூடியவை இவை. லீனியர் ஆக்சிலரேட்டர் என்ற சிகிச்சைக் கருவி எலக்ட்ரான்களை முடுக்கி டங்ஸ்டன் தகட்டில் மோதவிட்டு எக்ஸ் கதிரை உண்டாக்குகிறது. அணைத்தால் கதிர் நின்றுவிடும். சிகிச்சை முடிந்து வெளியே வரும் நோயாளியிடமிருந்தும் எதுவும் வராது, அவரைத் தாராளமாகத் தொடலாம். கதிர் பாயும்போது தெரபிஸ்ட் ஒரு மீட்டருக்கும் மேல் தடிமனான கான்கிரீட் சுவருக்கு வெளியே இருப்பார். கதவு திறந்தால் கருவி தானே நிற்கும். பணியாளர்களுக்கான சர்வதேசப் பரிந்துரை வருடத்துக்குச் சராசரியாக 20 மில்லிசீவர்ட்டைத் (உடம்புக்கு உண்டாகும் ஆபத்தை வைத்து டோஸை அளக்கும் அலகு) தாண்டக்கூடாது என்கிறது. பூமியில் வாழ்வதாலேயே இயற்கையாக நமக்குக் கிடைப்பது உலகச் சராசரியில் வருடத்துக்கு ஏறத்தாழ 2 முதல் 3 மில்லிசீவர்ட். ஆக்சிலரேட்டரில் வேலை செய்பவர்கள் அணியும் பேட்ஜில் பதிவாகும் டோஸ் அளவுகள் பொதுவாக அந்த 20க்கு வெகு கீழே இருக்கும். கோபால்ட் கருவியும், உடம்புக்குள் இரிடியம்-192 போன்ற மூலத்தை வைக்கும் பிராக்கிதெரபியும் கொஞ்சம் வேறு. மூலம் எப்போதும் கதிர் விட்டுக்கொண்டே இருப்பதால் அங்கே ஒழுங்கு கூடுதலாக வேண்டும். கர்ப்பமானால் உடனே தெரிவிக்க வேண்டும், வேலையை மாற்றி அமைப்பார்கள். மிகச் சிறிய டோஸ்களால் பல வருடங்களில் புற்றுநோய் ஆபத்து எவ்வளவு கூடும் என்பதில் மட்டும் விஞ்ஞானிகளிடையே இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. அதனால் எந்த அளவும் தேவையில்லாமல் வாங்காதே என்பதே நடைமுறை. நான் பார்த்தவரை இந்தத் தொழிலில் உடம்பைக் கெடுப்பது கதிர்வீச்சைவிட முதுகுவலிதான். நோயாளியைத் தூக்கி மாற்றும் முறையைச் சொல்லித் தரும் வகுப்பை அலட்சியம் செய்யாதீர்கள்.

மனசு தாங்குமா என்பதற்கு எல்லோருக்கும் பொதுவான விடை தர முடியாது. குழந்தைகளுக்குச் சிகிச்சை தரும் நாட்கள் கனமானவை. ஆறு வாரம் தினமும் பார்த்த ஒருவர் பிறகு இல்லை என்று கேள்விப்படுவது பழகிப்போகிற விஷயமும் இல்லை, பழகவும் வேண்டாம். ஆனால் வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தெரியாத ஒன்று உண்டு. இங்கே வருபவர்களில் நிறையப் பேர் குணமாகப் போகிறவர்கள். குணமாக முடியாதவர்களுக்கும் செய்ய ஏதோ ஒன்று இருக்கிறது. எலும்புக்குப் பரவிய புற்றுநோயின் வலிக்கு ஒரே தடவை 8 கிரே கொடுத்தால், பல தடவை பிரித்துக் கொடுத்ததற்கு நிகரான நிவாரணம் கிடைக்கிறது என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மறுபடி ஒருமுறை தர வேண்டிய தேவை மட்டும் அதிகம். திரும்பிப் படுக்கவே முடியாமல் வந்தவர் சில வாரத்தில் நடந்து வந்து நிற்பதைப் பார்த்தால் உங்கள் கேள்விக்கு நீங்களே வேறு மாதிரி பதில் சொல்வீர்கள். அழுகை வருகிறது என்பதற்காகத் தகுதியில்லை என்று முடிவு செய்யாதீர்கள். அழுதுவிட்டு அடுத்தவரின் பெயரையும் பிறந்த தேதியையும் சரிபார்க்க முடிகிறதா என்று பாருங்கள்.

வருங்காலம் பற்றி உறுதியாகச் சொல்வோரிடம் எச்சரிக்கையாக இருங்கள். உறுப்புகளின் எல்லையை வரைவதில் செயற்கை நுண்ணறிவு ஏற்கெனவே வந்துவிட்டது, நேரத்தை நிறைய மிச்சப்படுத்துகிறது. தவறாக வரைந்ததைக் கண்டுபிடிக்க ஆள் வேண்டும் என்பது இப்போதைய நிலைமை. எக்ஸ் கதிருக்குப் பதில் புரோட்டான் துகள்களைச் செலுத்தும் புரோட்டான் சிகிச்சை குழந்தைகளில் நல்ல திசுக்களைக் காப்பது தெளிவு, பெரியவர்களின் பல புற்றுநோய்களில் அது எவ்வளவு கூடுதல் பலன் தரும் என்பது இன்னும் ஆய்வில் இருக்கிறது. நொடிக்கு 40 கிரேக்கு மேல் பாய்ச்சும் ஃபிளாஷ் முறை விலங்குகளில் வியப்பான முடிவுகளைக் கொடுத்திருக்கிறது, மனிதர்களில் அது ஆரம்பக் கட்டத்தில்தான் நிற்கிறது. இவற்றை நம்பிப் படிப்பைத் தேர்ந்தெடுக்கவும் வேண்டாம், பயந்து விலகவும் வேண்டாம்.

சேர்க்கை விதிகளும் பதிவு முறைகளும் நாட்டுக்கு நாடு வேறு, அதில் என் பேச்சைக் கேட்காதீர்கள். சேர நினைக்கும் பல்கலைக்கழகத்திடம் நேராகச் சிலவற்றைக் கேளுங்கள். பட்டம் முடித்ததும் நான் வேலை செய்ய விரும்பும் நாட்டில் தெரபிஸ்டாகப் பதிவு செய்ய முடியுமா? மருத்துவமனைப் பயிற்சி எத்தனை வாரம், எந்த வருடத்தில் தொடங்குகிறது, அங்கே என்னென்ன கருவிகள் இருக்கின்றன? மாணவர் ஒருவர் சிகிச்சையை நிறுத்தச் சொன்னால் மூத்தவர்கள் நிறுத்துவார்களா? கடைசிக் கேள்வியை ஆசிரியரிடம் கேட்பதைவிட இறுதி வருட மாணவர்களிடம் கேட்டால் சரியான பதில் கிடைக்கும். அதோடு, அனுமதி வாங்கி ஒரு நாள் முழுக்க ஒரு கதிர்வீச்சுச் சிகிச்சைப் பிரிவில் உட்கார்ந்து பாருங்கள். பொத்தான் அழுத்தப்படும் நேரம் எவ்வளவு, அதற்கு முன்னால் போகும் நேரம் எவ்வளவு என்று குறித்துக்கொண்டு போய் வீட்டில் காட்டுங்கள்.